நூனோவுக்குக் கட்டிய சேலை

உக்காருங்க சார். பாப்பா மேல ரூமைப் பாத்துட்டு வரட்டும், அதுக்குள்ள நீங்க ஒரு வாய் சாப்பிட்டுருவீங்க. நாமக்கல்லா? நல்லதுங்க. நாமக்கல் பிள்ளைங்க இங்க ஏற்கெனவே படிக்குதுங்க. எல்லாம் டாக்டராயி ஊருக்கு வந்து நமக்கே ஊசி போடப் போகுதுங்க. சாம்பார் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன். இப்ப சமையல் நான்தான். முன்னாடி என் சம்சாரம் காமுத்தாயி பண்ணுவா. சன்னாசி மெஸ்ஸுன்னா இந்த லகூனா மாகாணம் பூராவும் பேரு. அவ இப்ப கொல்லைல இருக்கா.

இல்லீங்க, வேலையா இல்ல. சும்மா இருக்கா. அந்தா ஜன்னல் வழியாப் பாருங்க, மூங்கில் பக்கத்துல முட்டி உசரத்துக்கு ஒரு மண்ணு மேடு தெரியுதா? அதுக்குள்ள இருக்கா.

சிரிக்காதீங்க சார். நான் கண்டதையும் நம்புற ஆளு இல்ல. இந்தப் பிலிப்பைன்ஸ்ல என்னென்னமோ சொல்லுவாங்க. குதிரைத் தலையோட ஒருத்தன் நடந்து போறவனை வழி மாத்தி விட்டுருவானாம், திக்பாலாங்னு பேரு. சட்டையைத் திருப்பிப் போட்டாத்தான் வழி தெரியுமாம். ஒருத்தி இடுப்போட ரெண்டாப் பிரிஞ்சு மேல் பாதி மட்டும் பறக்குமாம். அந்த மாமரத்துல ராட்சசன் ஒருத்தன் உக்காந்து சுருட்டுப் பிடிக்கிறான்னு தெருவே சொல்லுது. நான் நம்புறதில்ல. காயப் போட்ட துணியில சாம்பல் விழும், அது வேற விஷயம். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். இந்த மேட்டு விஷயம் நான் கண்ணால பாத்தது.

நாங்க இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே அந்த மேடு என் கண்ணுல பட்டுச்சு. பட்டதும் உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. புத்து சார்! பேர் தெரியாத ஊர்ல, பாஷை தெரியாத ஊர்ல, நமக்கு முன்னாடியே நாகாத்தம்மன் வந்து இடம் பிடிச்சு உக்காந்திருக்கா. நான் இந்த ஆள்காட்டி விரலை நீட்டி, "ஏய் காமுத்தாயி, அங்க பாரு அம்மனை"ன்னேன். அவ பாத்தா. பாத்துட்டு, "ஓனரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவமா?"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான். எதுக்கெடுத்தாலும் யாரையாச்சும் கேக்கணும்பா. சாமி கும்பிட எதுக்குங்க அனுமதி?

வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுட்டேன். மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மேட்டைச் சுத்திச் செவப்புச் சேலை கட்டி, உச்சியில இருக்கிற ஓட்டைல ஒரு செம்பு பால், ரெண்டு முட்டை. பிள்ளைங்க கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சிருச்சு. அனாட்டமி பரிச்சைன்னா கொல்லைல நிக்க இடம் இருக்காது. ஒரு பிள்ளை கிட்னி படத்தைக் கொண்டாந்து அம்மன் பாதத்துல வச்சு எடுத்துட்டுப் போச்சு. பாஸும் ஆயிருச்சு. கும்பிட வந்த பிள்ளைங்க அப்படியே சாப்பிட்டுப் போகும். நான் பக்திக்காகத்தான் பண்ணேன், அதைச் சொல்லிடுறேன்.

அப்பத்தான் ஓனரம்மா வந்து பாத்துச்சு. ஆலிங் பெலென்னு பேரு. ஆலிங்னா நம்ம அக்கா மாதிரி. பக்கத்து வீடுதான். பாத்த உடனே நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டு ஒரே கூப்பாடு. என்னன்னு கேட்டா, உள்ள இருக்கிறது பொம்பளை இல்லையாம். ஆம்பளையாம். தாடி வச்ச கிழவராம். பேரு நூனோ. இவங்க பாஷைல பாட்டன்னு அர்த்தம். இந்த மாதிரி மேட்டுக்குள்ள குடியிருப்பாராம். பக்கத்துல நடந்து போனாக்கூட, "தாபி தாபி போ"ன்னு சொல்லிட்டுத்தான் போகணுமாம். கொஞ்சம் வழி விடுங்க ஐயான்னு கேக்குறதுதான் அது. கடைசில வர்ற போ நம்ம போ இல்லீங்க, இவங்க ஊர்ல அது மரியாதை. கையை நீட்டிக் காட்டவே கூடாதாம். தெரியாம நீட்டிட்டா உடனே அந்த விரலைக் கடிச்சுக்கணுமாம். "கடி, கடி"ன்னு அந்தம்மா என்னைப் பாத்துக் கத்துது. பிள்ளைங்க எல்லாம் நிக்குது. மெஸ் நடத்துறவன் நின்னு விரலைக் கடிக்க முடியுமா சார்?

கடிக்கல. விடிஞ்சு பாத்தா விரல் மொந்தன் வாழைக்காய் மாதிரி வீங்கியிருக்கு. இதே விரல்தான். எனக்கு இது இல்லாட்டி ஒரு வேலையும் ஓடாது. அதை எடு, இதை வை, நீ அங்க போன்னு எல்லாமே இதாலதான் சொல்லுவேன். அது வீங்குனதுல எதைக் காட்டுறதுன்னாலும் மொத்தக் கையையும் தூக்க வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரில பூச்சிக்கடின்னுட்டாங்க. ஆலிங் பெலென் ஒரு நாட்டு வைத்தியர்ட்டக் கூட்டிட்டுப் போச்சு. அவரு படிகாரத்தைச் சுட்டுத் தண்ணில போட்டாரு. நாம திருஷ்டிக்கு வாசல்ல கட்டுவோமே, அதே படிகாரம். அது தண்ணில ஒரு உருவமா ஆகுமாம், யாரு கோவமா இருக்காங்கன்னு அதுல தெரியுமாம். வைத்தியர் ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "தாடி வச்ச ஒரு கிழவர். சேலை கட்டியிருக்காரு."

ஆலிங் பெலென் சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்கு அவமானமாப் போச்சு. வைத்தியர் வேற எதுவும் கேக்கல. போயி மன்னிப்புக் கேளு, இனிமே எதுன்னாலும் கேட்டுட்டுச் செய், அவ்வளவுதான்னாரு. நான் யோசிச்சேன். ஒரு பெரிய மனுசனுக்குக் கோவம் வந்தா வெறும் வாய் வார்த்தையில தீருமா? நம்ம ஊர்ல தீருமா? செய்ய வேண்டியதைச் செய்யணும். வந்த உடனே சேலையை உருவிட்டு வேட்டி கட்டினேன். அம்மனை ஐயனாரா மாத்தினேன். மண்ணுல சுண்ணாம்பு அடிச்சு, பெரிய மீசை வரைஞ்சு, அட்டையில வெட்டின அருவா ஒண்ணு சாத்தினேன். காமுத்தாயி பக்கத்துல நின்னு, "அவருக்கு மீசை வேணுமான்னு தெரியலையே"ன்னா. மீசை வேணாம்னு சொல்ற ஆம்பளை உண்டா சார்?

விரல் இன்னும் வீங்கிச்சு. சரி, மழையில நனையுறாரு போலன்னு தகரக் கூரை போட்டேன். அப்புறம் சேறா இருக்கேன்னு மேட்டைச் சுத்தி நல்ல கனமா சிமென்ட் தளம் போட்டேன். இவ்வளவு யாரு சார் செய்வா?

தளம் காஞ்ச மறுநாள் அவரு வெளிய வந்தாரு. உச்சி ஓட்டை வழியா, கஷ்டப்பட்டு. ஒரு முழம் இருப்பாரு. பெரிய ஓலைத் தொப்பி. இடுப்பு வரைக்கும் தாடி, அதுல பாதி மஞ்சளா இருந்துச்சு. அது நம்ம மஞ்சள்தான். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா வாசல்ல இறங்கி, தெருவுல நடந்து, பராங்கை ஆபீசுக்குப் போயிட்டாரு. பராங்கைன்னா நம்ம ஊராட்சி மாதிரி, அதுக்கு ஒரு கேப்டன் உண்டு. அக்கம்பக்கத்துச் சண்டைன்னா இந்த ஊர்ல மொதல்ல அங்க உக்காத்தி வச்சுப் பேசித் தீக்கணும், அதுதான் வழக்கம். ஒரு முழ ஆளுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரிஞ்சிருக்கு.

பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாங்க. நான் கடையை மூடிட்டுப் போக லேட்டாயிருச்சு. அவரு சரியான நேரத்துக்கு வந்து, மேசை மேல பிஸ்கட் டின்னைக் கவுத்துப் போட்டு அதுல உக்காந்திருந்தாரு. வெளிய ஜன்னல் பக்கம் ஒரே சுருட்டுப் புகை. கேப்டன் எட்டிப் பாத்து, "சாட்சிக்கு வந்தவங்க சுருட்டை அணைச்சுட்டு நில்லுங்க"ன்னாரு. அங்க யாரும் இருந்த மாதிரி எனக்குத் தெரியல. மரம் அளவுக்கு ரெண்டு கால்தான் தெரிஞ்சுச்சு.

நூனோ பேசறது ரொம்பப் பழைய பாஷை. கேப்டனுக்கே புரியல. அப்பப் பின்னாடி பெஞ்சுல இருந்து காமுத்தாயி எந்திரிச்சு, "நான் சொல்றேங்க"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேச வராது அவளுக்கு. அப்புறம்தான் தெரிஞ்சுது. தினமும் சோறு வடிச்ச கஞ்சியைக் கொல்லைல ஊத்தப் போவா. போகும்போது, "ஒதுங்கிக்க சாமி, சுடுகஞ்சி வருது"ன்னு ஒரு குரல் குடுத்துட்டு ஊத்துவா. தேனிப் பக்கம் அவங்க அம்மா வீட்டுல அப்படித்தான் பழக்கம். பூச்சி பொட்டு இருந்தாக்கூட சுட்டுறக் கூடாதுன்னு. மண்ணுட்ட என்ன பேச்சுன்னு நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். அவரு உள்ள இருந்து பதில் சொல்லியிருக்காரு. இவ நின்னு கேட்டிருக்கா. அப்படியே பழக்கமாயிருக்கு. என்ன பாஷைன்னு கேக்குறீங்களா? இவ தமிழ்ல பேசுவா, அவரு அவரு பாஷைல பேசுவாரு. ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியுது. எனக்குத்தான் ரெண்டும் புரியல.

அவ தமிழ்ல சொல்லச் சொல்ல, நம்ம மெஸ்ல சாப்பிடுற ஒரு பிள்ளை அதைக் கேப்டனுக்கு இங்கிலீஷ்ல சொல்லுச்சு. அவரு புகார் என்னன்னா, தூங்கிக்கிட்டிருக்கும்போது படுக்கையில பால் வந்து விழுகுதாம். எறும்பு மொய்க்குதாம். முட்டை மண்டையில விழுகுதாம். வீட்டு மேல துணி கட்டுனதுல பகல்லயே இருட்டாப் போச்சாம். கடைசியா வாசலையும் சிமென்ட் வச்சு அடைச்சாச்சாம். அதெல்லாம்கூடப் பரவாயில்லையாம். இத்தனை பண்ணதுல ஒரு தடவைகூட, "ஐயா, செய்யலாமா"ன்னு கேக்கலையாம். அதுதான் அவருக்கு வருத்தமாம்.

நான் எந்திரிச்சு, "இவ்வளவு செஞ்சிருக்கேன், நன்றி வேணாமா"ன்னேன். கேப்டன் காமுத்தாயியைப் பாத்து, "இவரு எப்பவும் இப்படித்தானா"ன்னு கேட்டாரு. அவ முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. அப்புறம் சொன்னா, "இவரு நல்லவருங்க. ஆனா யாரையும் எதையும் கேக்க மாட்டாருங்க. வெளிநாடு போறோம்னு டிக்கெட்டைக் காட்டித்தான் சொன்னாரு. எங்க அம்மா தந்த தையல் மிஷினை வித்துட்டு வந்துதான் சொன்னாரு. நான் தைப்பேன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க"ன்னா. ஆபீஸே கேட்டுக்கிட்டிருந்துச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு சார். வீட்டுல எல்லா முடிவையும் ஆம்பளைதான் எடுக்குறான்னு நாலு பேர் முன்னாடி ஒரு பொண்டாட்டி சொல்றதுன்னா சும்மாவா? அவ கண்ணு ஏன் கலங்கிச்சுன்னு மட்டும் தெரியல.

கேப்டன் தீர்ப்புச் சொல்லிட்டாரு. இந்த ஊர் உண்டாகுறதுக்கு முன்னாடியே அவரு குடியிருக்காரு. சிமென்ட்டை உடைக்கணும். கூரையைப் பிரிக்கணும். மீசையை அழிக்கணும். இனிமே அந்தப் பக்கம் போனா வாய் திறந்து கேட்டுட்டுப் போகணும். நான் தீர்ப்பை மதிக்கிறவன். சிமென்ட்டை உடைச்சேன், கூரையைப் பிரிச்சேன், மீசையை அழிச்சேன். கேக்குறதுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு பண்ணேன். ஆர்ட்டிஸ்டை வரச் சொல்லி, "தாபி தாபி போ"ன்னு பெருசா ஒரு போர்டு எழுதி மேட்டுக்கு முன்னாடி நட்டு வச்சேன். நான் சொன்னா என்ன, போர்டு சொன்னா என்ன? அதுக்கும் அவருக்குத் திருப்தி இல்ல. விரல் கொஞ்சம் வடிஞ்சுது, முழுசா வடியல. இந்தா பாருங்க.

அன்னைக்குச் சாயங்காலம் காமுத்தாயி சோறு வடிச்சுக்கிட்டிருந்தா. நான் அவகிட்ட, "சிபு தீவுல இன்னொரு மெஸ்ஸுக்கு இடம் பேசி முடிச்சுட்டேன். கப்பல்ல உனக்கு டிக்கெட் போட்டாச்சு. நீ முன்னாடி போயி அடுப்பைப் பத்த வை"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்னுதான் நான் கல்யாணம் ஆன நாள்லருந்து எடுத்துக்கிட்டிருக்கேன். கஞ்சிச் சட்டியைத் தூக்கிட்டுக் கொல்லைக்குப் போனா. "ஒதுங்கிக்க சாமி"ன்னு குரல் குடுத்தா. ஊத்தினா. உள்ள இருந்து அவரு என்னமோ சொன்னாரு. இவ திரும்பி அடுப்படிக்கு வந்தா. வந்து ரசப்பொடி டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டா. மறுபடி போயி, மேட்டு முன்னாடி நின்னு, முந்தானைல கையைத் தொடைச்சுக்கிட்டுக் குனிஞ்சா. குனிஞ்சவ அப்படியே நடந்தா. நடக்க நடக்கச் சின்னதாயிட்டே போனா, ரயிலு தூரமாப் போகுமே அந்த மாதிரி. போயிட்டா.

நான் விடுவனா? "ஏய் காமுத்தாயி, வெளிய வா"ன்னேன். வரல. மைக் செட்டு வச்சுக் கூப்பிட்டேன். "நாளைக்கு இட்லிக்கு யாரு மாவாட்டுறது"ன்னு கேட்டேன். அவ தம்பி சௌந்தரபாண்டிக்கு வீடியோ கால் போட்டு, போனை ஓட்டைக்கிட்ட வச்சு, "உங்க அக்காளுக்குப் புத்தி சொல்லுடா"ன்னேன். உள்ள அவ என்னத்துக்கோ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அவனும் அதைக் கேட்டான். அப்புறம், "அக்கா இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. இருக்கட்டும் விடுங்க மாமா"ன்னு வச்சுட்டான். ஆலிங் பெலென்தான் பயந்துச்சு. நூனோ வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவங்க திரும்பி வர முடியாதாம், காலங்காலமாச் சொல்றதாம். ஆனா அங்க சமைக்கிறதே இவதான். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்த ஓட்டைல இருந்து ஆவி வரும் சார். மிளகு ரசம். நான் இங்க உக்காந்து இந்தத் தண்ணிச் சாம்பாரை ஊத்திக்கிட்டு, அந்த வாசனையில சாப்பிடுறேன். தையல் மிஷின் சத்தம்கூட நடுவுல கேக்கும், எங்கருந்து கிடைச்சுதோ. நூனோவுக்கு இப்ப புதுச் சட்டை. எவ்வளவு அழகாத் தைச்சிருக்கா தெரியுமா, காலர் எல்லாம் வச்சு. அவளுக்குக் காலர் தைக்க வரும்னே எனக்குத் தெரியாது.

ஒரு வழி இருக்குன்னு ஆலிங் பெலென் சொல்லுது. நானே மேட்டு முன்னாடி போயி, எனக்குத் தெரிஞ்ச பாஷைல, ஒரு தடவை கேக்கணுமாம். வான்னு சொல்லக் கூடாதாம். வர்றியான்னு கேக்கணுமாம். அவ வேணாம்னா வேணாம்தானாம். என்ன சார் நியாயம் இது? என் பொண்டாட்டியை நான் வர்றியான்னு கேக்குறதா? அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?

என்ன கேட்டீங்க? அவளுக்கு என்ன பிடிக்கும்னா?

அது வந்து... காபி பிடிக்கும். இல்ல, காபி எனக்குத்தான். அவ டீயா... அவ என்ன குடிப்பான்னு... எனக்குப் போட்டுக் குடுத்துட்டு உள்ள போயிருவா சார், நான் பாத்ததில்ல. சினிமா? தெரியல. சேலையில பச்சை பிடிக்கும்னு நினைக்கிறேன். பச்சை நான் வாங்கிக் குடுத்தது. தையல் பிடிக்கும். அது நூனோ வீட்டுல இருந்து சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

அவ இல்லாம எனக்கு முடியல சார். சாம்பாருக்காகச் சொல்லல. சாயங்காலம் அடுப்படிப் பக்கம் போனா யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இதை யார்ட்டயும் சொன்னதில்ல. உங்க மூஞ்சியைப் பாத்ததும் சொல்லணும்னு தோணிருச்சு.

நீங்க ஒரு உதவி பண்றீங்களா? நீங்க போயி ஒரு வார்த்தை கேளுங்களேன். ஊர்க்காரர், பாப்பாவை விட வந்தவர், உங்களுக்கு மரியாதை குடுப்பா. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.

மாட்டீங்களா? நானேவா?

சரி. கையைக் கழுவிட்டு வாங்க. பக்கத்துல நில்லுங்க, அது போதும். சிரிக்கக் கூடாது. இந்தப் போர்டை மொதல்ல புடுங்கிப் போட்டுருவோம். பிடிங்க. ஆங். எப்படிங்க ஆரம்பிக்கிறது? நீங்க உங்க வீட்டுல எப்படிக் கேப்பீங்க? நீங்களும் கேட்டதில்லையா? அப்புறம் என்னத்துக்கு என்னைச் சொன்னீங்க?

இருங்க. "ஐயா, நூனோ ஐயா... கொஞ்சம் பக்கத்துல வரலாங்களா? ... காமுத்தாயி. ஏம்மா. சிபுவுக்குப் போக வேணாம், அந்த டிக்கெட்டைக் கிழிச்சுட்டேன். உனக்கு... உனக்கு என்ன வேணும்? வெளிய வர உனக்கு இஷ்டமாம்மா? இல்லாட்டி, நான் உள்ள வரலாமா?"

மிஷின் சத்தம் நின்னுருச்சு சார். நின்னுருச்சு. வர்றா. வாசல்கிட்ட வர்றா.

கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "யாருங்கண்ணே அது? குரல் புதுசா இருக்கு, ஊர்லருந்து வந்தீங்களா? சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குறா.

என்னைத்தான் சார் கேக்குறா. பேரைச் சொல்லி, டிக்கெட்டைச் சொல்லியும் அடையாளம் தெரியல அவளுக்கு. இவ்வளவு பதமாக் கேட்டா நான்னு எப்படித் தெரியும்? நீங்க பேசிறாதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்தக் குரல்ல அவ என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டதே இல்ல. இன்னும் சாப்பிடலைன்னு சொல்லிரட்டுமா சார்?